ஒலிபெருக்கியில் என் பெயர்

மூச்சை உள்ளே இழு என்கிறாள் அறைத்தோழி பெனிலா. இழுக்கிறேன். அப்படியே நில்லு, விட்டிராத என்கிறாள். விடாமல் நிற்கிறேன். அவள் விரல்கள் கொசுவத்தை ஒன்றாகப் பிடித்து என் இடுப்பில் செருகுகின்றன, புதுச் சேலையின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறுகிறது, விடுதி வராந்தாவில் யாரோ யாரிடமோ இஸ்திரிப் பெட்டி கேட்டுக் கத்துகிறார்கள். இந்த ஒரு மூச்சு முடிவதற்குள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். அப்பா, இன்றைக்கு என் பெயரை மைக்கில் வாசிக்க மாட்டார்கள். அவ்வளவுதான் வாக்கியம். மனதுக்குள் சொன்னால் தடங்கல் இல்லாமல் போகிறது. வாயைத் திறந்தால் முதல் சொல்லிலேயே, அப்பா என்பதிலேயே, நின்றுவிடும் போலிருக்கிறது, ஏனென்றால் அப்பா என்று சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்ப்பார், என்னளா என்பார், அந்த என்னளாவுக்குப் பிறகு மிச்சத்தைச் சொல்ல வேண்டும். "இப்ப விடு" என்கிறாள் பெனிலா. விடுகிறேன். சேலை என் மூச்சோடு சேர்ந்து கொஞ்சம் இறங்குகிறது, அவள் உச்சுக்கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். "என்னட்டி ஒனக்கு, மரம்போல நிக்க. பயமா?" பட்டத்தைப் பற்றியா, அதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. வீம்புக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடமும் நான் என்ன படித்தேன் என்பது எனக்குத் தெரியும். செடியின் தண்டை மெல்லிசாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் என் வெட்டில் வெளிச்சம் தடையில்லாமல் போகும், பேராசிரியர் மற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பத்தாவது தாண்டவில்லை, நான் எம்.எஸ்சி. தாவரவியல், அதை யாரும் எனக்கு இரக்கப்பட்டுத் தரவில்லை. ஆகவே பயம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்நேரம் கயத்தாறைத் தாண்டி வந்துகொண்டிருக்கும் பஸ்ஸில், ஜன்னலோரம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நேற்றுப் பட்டமளிப்பு விழா ஒத்திகையில்தான் தெரிந்தது. மண்டபத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டு ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடித்தார், குள்ளமான மனிதர், குரல் மட்டும் மண்டபத்தைவிடப் பெரியது. முனைவர் பட்டம் வாங்குகிறவர்களும் பதக்கம் வாங்குகிறவர்களும் மட்டும் மேடைக்கு வர வேண்டும். மற்றவர்கள் புலம் புலமாக இருக்கும் இடத்திலேயே எழுந்து நிற்க வேண்டும், அறிவியல் புலம் என்றதும் அறிவியல் முழுவதும். வேந்தர் பட்டம் வழங்கினேன் என்று சொல்வார், அமரலாம் என்பார், உட்கார்ந்துவிட வேண்டும். சான்றிதழை மத்தியானத்துக்கு மேல் அந்தந்தத் துறை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். நான் அப்போது பக்கத்தில் இருந்த பெனிலாவைப் பார்த்தேன், அவள் கைப்பேசியில் ஏதோ மீன் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நம்ம பேரு?" என்றேன். "நம்ம பேரு என்ன?" என்றாள். "வாசிக்க மாட்டாங்களா?" "இத்தன பேருக்க பேரையும் வாசிச்சா நாளைக்கு ராத்திரிதான் வீட்டுக்குப் போவலாம். இது எல்லாருக்கும் தெரியும்லா மக்கா." எல்லாருக்கும் தெரியும். அவளுடைய அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், அண்ணன் விழாவுக்குப் போய்க் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தவர்கள், இவளுடையதற்கு வரப்போவதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருப்பது இது முதல் தடவையில்லை, அதனால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள எனக்குப் பழக்கம் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் எங்களை எழுந்திருக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்து கிறீச்சிட்டன, அவருக்குப் பிடிக்கவில்லை. "எந்திரிக்கிறது ஒரு சத்தம், உக்கார்றது ஒரு சத்தம். இத்தன பேரும் ஒரே ஆளு மாதிரித் தெரியணும்" என்றார். மறுபடி எழுந்தோம், மறுபடி உட்கார்ந்தோம். போன வருஷம் ஒரு பையன் உட்காராமல் கையசைத்தானாம், முன்வரிசையில் யாரோ முகம் சுளித்தார்களாம், அவனை யார் என்று கண்டுபிடித்து வெளியே அழைத்துப் போனார்களாம். அதை அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தோம் என்று நினைவில்லை, ஒவ்வொரு தடவை எழும்போதும் நான் அப்பாவை நினைத்துக்கொண்டு எழுந்தேன், உட்காரும்போது வாக்கியத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பா மைக் செட் வைத்திருக்கிறார். உச்சிமாகாளி சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எதற்கும் போவார், கொடை என்றால் மூன்று நாளும் அம்மன் பந்தலுக்குப் பக்கத்தில் ஆம்பிளிபயரோடு படுத்துக்கொள்வார். செட்டைக் கட்டி முடித்ததும் மற்ற ஊர்க்காரர்கள் ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிப் பார்ப்பார்கள், அப்பா என் பெயரைச் சொல்வார். முத்துப்பேச்சி, முத்துப்பேச்சி. தெருக்கோடியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து என் பெயர் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் விழும், கூட விளையாடும் பிள்ளைகள் ஏட்டி ஒன்னைக் கூப்பிடுதாங்க என்பார்கள், யாரும் கூப்பிடவில்லை, சும்மா சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். பெரிய பிள்ளையானதும் எனக்கு அது பிடிக்காமல் போயிற்று, சொன்னேன், நிறுத்திவிட்டார். ஒரு வருஷம் பக்கத்து ஊர்க் கல்லூரி விழா ஒன்றுக்கு அவருக்கு மைக் செட் கிடைத்தது. மேடைக்குப் பின்னால் படுதாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார், மேடையில் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்தார்கள், அப்பா ஒரு முகத்தையும் பார்க்கவில்லை, பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தப் பெயர்களைச் சொன்னார், ஏதோ பந்தியில் சாப்பிட்டதைச் சொல்வதுபோல. நான் பி.எஸ்சி. முடித்த வருஷம் விழாவே நடக்கவில்லை, சான்றிதழ் தபாலில் வந்தது. ஆகவே இன்றைக்குத்தான். ஊரில் இன்றைக்குக் கொடை. இத்தனை வருஷம் விடாத கொடையை அவர் லிங்கம் சவுண்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார், லிங்கம் மாமாவும் அவரும் ஒரே தொழில் என்பதால் பேச்சுவார்த்தை பாதிநாள் இருக்காது. நேற்று ராத்திரி போனில் அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "லிங்கத்துக்கிட்ட சொல்லிட்டேன்ளா. அங்க ஒம் பேரை வாசிக்கத நான் போன்ல புடிச்சிருவேன், புடிச்சி அவனுக்கு அனுப்பிருவேன், ராத்திரி சாமக்கொடைக்கு முன்ன அதை செட்டுல போட்டுவிடணும்னு பேச்சு. ஊரே கேக்கட்டும்." பின்னால் அம்மா, "பஸ்ஸுக்கு எந்திரிக்கணும், போனை வைங்க" என்றாள். "அந்தச் சபையில மைக்கு நல்ல மைக்கா இருக்குமாளா?" என்று கேட்டார். நல்ல மைக்குப்பா என்றேன். அது உண்மை. மைக் நல்ல மைக்தான். நான் சொன்ன ஒரே விஷயம் உண்மையாக இருந்தது, சொல்லாத விஷயம் அதற்குப் பின்னால் படுதாவுக்கு அந்தப் பக்கம்போல உட்கார்ந்திருந்தது, போனை வைத்துவிட்டார்கள்.

சேலை நின்றுவிட்டது. பெனிலா ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு தோளில் குத்துகிறாள், வாயில் ஊக்கோடு பேசவும் செய்கிறாள். "வந்தபொறவு சொன்னா போரும். சொல்லாட்டாலும் அவியளுக்கே தெரிஞ்சிரும்." தெரிந்துவிடும். அதுதான். மூன்று மணி நேரம் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக, இது இல்லை, இது இல்லை என்று காத்திருந்து, தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கும்போது தெரிந்துகொள்வார். பக்கத்தில் இருப்பவரிடம் எம் புள்ள பேரு விட்டுப்போச்சு போல என்று சொல்வார். யாராவது விஷயத்தை விளக்குவார்கள். அவர் சிரிப்பார், தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்பதற்காகச் சிரிக்கும் சிரிப்பு, அதை நான் பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கப் போனபோதும் வங்கியிலும். வேண்டாம். அந்தச் சிரிப்பை இந்த மண்டபத்துக்குள் அவர் சிரிக்கக் கூடாது. நானே சொல்வேன். சொல்வேன் என்று எனக்குத் தெரிகிறது, எப்படி என்பதுதான் தெரியவில்லை, பரீட்சையில் விடை தெரிந்தும் முதல் வரி மட்டும் வராமல் பேனாவை உதறிக்கொண்டிருப்பதுபோல. கண்ணாடியில் ஒருத்தி நிற்கிறாள், சந்தனச் சேலை, அரக்குக் கரை, என்னைவிட நிமிர்ந்து நிற்கிறாள். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள்.

அங்கி கொடுக்கும் இடத்தில் வரிசை. கறுப்பு அங்கி, எனக்கு முன்னால் எத்தனை பேர் போட்டார்களோ, கழுத்தில் யாருடைய பவுடர் வாசனையோ தங்கியிருக்கிறது, பாச்சா உருண்டை வாசனை அதற்குமேல். அங்கியின் கைகள் விரல் நுனி வரை வருகின்றன, மடித்துவிட்டுக்கொள்கிறேன். தோளிலிருந்து தொங்கும் பச்சைப் பட்டை அறிவியலுக்கு, அது நழுவி நழுவிக் கழுத்தை இறுக்குகிறது, எல்லோரும் அதைப் பின்னால் இழுத்துவிட்டபடியே நிற்கிறார்கள், பார்த்தால் ஒரு பெரிய கூட்டம் தன் கழுத்தைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது. இத்தனை பேர், ஒரே கறுப்பு, ஒரே பச்சை. ஒரே ஆளு மாதிரித் தெரியணும் என்றாரே, தெரிகிறோம். அம்மா எப்படி என்னைக் கண்டுபிடிப்பாள் என்று யோசிக்கிறேன், பிறகு அப்பா எதைப் பதிவுசெய்வார் என்று யோசிக்கிறேன், பிறகு லிங்கம் மாமா சாமக்கொடைக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்ப ஒரு முக்கியமான அறிவிப்பு என்று சொல்லிவிட்டு ஒன்றும் வராமல் நிற்பதை யோசிக்கிறேன். யோசனை ஒவ்வொரு தடவையும் அங்கேயே போய் முட்டுகிறது. இரண்டு பேருக்குள் இருபது வருஷப் போட்டி, யார் குழாய் தூரம் போகும், யார் செட்டில் இரைச்சல் இல்லை என்று. இன்றைக்கு அப்பா முதல்தடவையாகத் தன் சந்தோஷத்தை அவர் செட்டில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேட்பதற்கு அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். அங்கியின் கொக்கி மாட்டவில்லை. மறுபடி இழுத்துப் பார்க்கிறேன். மாட்டிவிட்டது.

விருந்தினர் வாசல் பக்கம் போகிறேன், வரிசை கட்டும் முன் கொஞ்ச நேரம் இருக்கிறது. வேப்ப மரத்தடியில் நிற்கிறார்கள். அப்பா வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் போன், கழுத்தை உயர்த்தி மண்டபத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா என்னை முதலில் பார்க்கவில்லை, என்னைக் கடந்து எனக்குப் பின்னால் வரும் ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள். "ஆத்தே, நீயாட்டி. வக்கீலு யாரோ வாராகன்னு நெனச்சேன்." கன்னத்தைத் தொடுகிறாள், அங்கியைத் தொட்டுத் துணியின் தரம் பார்க்கிறாள், அவளுக்குத் துணி திருப்தியாக இல்லை. அப்பா என்னைப் பார்த்துவிட்டு உடனே வேறெங்கோ பார்க்கிறார், கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கைத் துடைக்கிறார். "பெட்டி நல்ல பெட்டிதான்" என்கிறார். "ஒரு பெட்டியை மரத்துக்கு நேரே மாட்டிருக்கான். பரவால்ல. ஒம் பேரு எத்தனையாவதா வரும்ளா? அதுக்குத் தக்கன நான் போனைத் தயாரா வைக்கணும்."

"அப்பா" என்கிறேன்.

"என்னளா."

வாக்கியம் வரவில்லை. நான் காலையிலிருந்து சரிசெய்துவைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. வேறொன்று வருகிறது, ஒழுங்கில்லாமல். "மேடைக்குப் பெரிய பட்டக்காரங்கதான் போவாங்களாம்ப்பா. நாங்க இருந்த இடத்துலயே எந்திரிச்சி நிப்போம். பேரு வாசிக்க மாட்டாங்க. எனக்கே நேத்துதான் தெரியும். நேத்து போன்ல சொல்ல வரல்ல, நீங்க லிங்கம் மாமாவைப் பத்திச் சொன்னீங்களா, எனக்குச் சொல்ல வரல்ல." அப்பா ஒலிபெருக்கிப் பெட்டியை மறுபடி ஒரு தடவை பார்க்கிறார், அது ஏதோ சொல்லும் என்பதுபோல. "படிப்புப் பேராவது சொல்லுவானா? தாவரம்னு?" "இல்லப்பா. அறிவியல்னு மட்டும்." "எல்லாருக்கும் சேத்தா?" "எல்லாருக்கும் சேத்து." அம்மா குறுக்கே வருகிறாள். "அதுக்கென்ன, பட்டம் உண்டும்லா? அதை இல்லேன்னு சொல்லலியே?" "அது இருக்கும்மா, மத்தியானம் துறையில தருவாங்க." "அப்பச் சரி. நிக்கும்போது நான் பாத்துக்கிடுதேன். பின்னாலதான எங்களை உக்கார வைப்பாக? ஒம் பின்னந்தலை எனக்குத் தெரியாதா, எத்தனை நாளு பேன் பாத்த தலை." நான் சிரித்துவிடுகிறேன். அப்பா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பையும் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. போனைப் பையிலிருந்து எடுக்கிறார், பார்க்கிறார், திரும்ப வைக்கிறார். "லிங்கம் கேப்பான்" என்கிறார். கொஞ்சம் கழித்து, "பேரு இல்லேன்னா படமாவது எடுத்து அனுப்பிருவேன். ஆனா இத்தனை பேரு ஒண்ணா நின்னா இதுல எம் மக எதுன்னு அவனுக்கு எப்பிடிக் காட்ட? அவன் அதுக்கும் ஒரு கேலி பண்ணுவான், எவ புள்ளையையோ படம் எடுத்துட்டு வந்திருக்கியான்னு."

"எல்லாரும் உக்காருவாங்கப்பா" என்கிறேன். "நான் உக்கார மாட்டேன். அப்ப எடுங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. அம்மா, "வாத்தியார் வைய மாட்டாரா?" என்கிறாள். அப்பா என்னைப் பார்க்கிறார், வந்ததிலிருந்து முதல் தடவையாக நேராக, அளந்து பார்ப்பதுபோல. "வம்பு வராதுல்ல?" வராதுப்பா என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன், எனக்குத் தெரியாத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும். "வந்தா வரட்டும்" என்கிறேன். வாசலில் நிற்கும் தன்னார்வலன், விருந்தினர் எல்லாம் உள்ளே போங்க, கதவைச் சாத்தப் போறோம் என்கிறான். போகிறார்கள். அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறாள், அப்பா திரும்பவில்லை, போனைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்.

உள்ளே குளிர். நாற்காலியில் உட்கார்ந்து பச்சைப் பட்டையைப் பின்னால் இழுத்துவிடுகிறேன். என்ன சொல்லிவிட்டு வந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் வரிசையைவிட்டு ஒரு அடி விலகாதவள், நூலகத்தில் புத்தகத்தைக் கெடுவுக்கு முந்தின நாளே திருப்பிக் கொடுப்பவள், பஸ்ஸில் நடத்துநர் மறந்தாலும் கூப்பிட்டுச் சீட்டு வாங்குபவள். ஒழுங்காக இருந்தால் யாரும் நம்மை எதுவும் சொல்ல முடியாது என்று நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒருங்கிணைப்பாளர் எங்கள் வரிசைக்கு நேராக, சுவரோரம், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மேடைக்கு ஒவ்வொருவராகப் போகிறார்கள், பெயர்கள் வருகின்றன, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் எங்கோ ஒரு சின்னக் கைதட்டல், அது அந்தப் பெயரின் வீட்டுக்காரர்கள். நல்ல மைக்தான், இரைச்சல் இல்லாமல் வருகிறது. சான்றிதழைத் தராமல் நிறுத்திவைப்பார்களா. வைக்கட்டும், எழுதிக் கேட்டு வாங்குவேன், பரீட்சை எழுதியது நான். வெளியே அழைத்துப் போவார்களா. போகட்டும், வெளியே எனக்கு வேலை இருக்கிறது, பஸ் பிடிக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தால் கடைசியில் கேள்வி தீர்ந்துபோகிறது.

அறிவியல் புலம் என்கிறது ஒலிபெருக்கி. எழுகிறோம். ஒரே சத்தம். ஒத்திகையில் ஒரு தடவைகூட இவ்வளவு நன்றாக வரவில்லை. மேடையில் ஒரு குரல் நீளமாக எதையோ படிக்கிறது, பட்டம் வழங்கினேன் என்று முடிகிறது, அது எனக்கும்தான், இந்த நொடியிலிருந்து நான் முதுநிலைப் பட்டதாரி, உடம்பில் எந்த இடத்திலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, பச்சைப் பட்டை மட்டும் கழுத்தை இறுக்குகிறது. அமரலாம். என்னைச் சுற்றிலும் தலைகள் தண்ணீர் வற்றுவதுபோல இறங்குகின்றன, எனக்கு முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும், நாற்காலிகள் ஒரே குரலில் கிறீச்சிட்டு அடங்குகின்றன. நான் நிற்கிறேன். "இரிட்டி" என்று கீழேயிருந்து பெனிலா என் அங்கியைப் பிடித்து இழுக்கிறாள். கையசைக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினாலும் இந்த விளக்குகளில் கடைசி வரிசை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியதில்லை. சுவரோரம் ஒருங்கிணைப்பாளர் கட்டியிருந்த கையை அவிழ்க்கிறார், என்னைப் பார்த்துவிட்டார், உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக அழுத்துகிறார், உட்கார், உட்கார். அவரைப் பார்த்துத் தலையசைக்கிறேன், உட்கார்ந்துவிடுவேன் சார் என்று. அப்பாவின் போன் பழசு, தொட்டவுடன் கேமரா திறக்காது, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றி முடியட்டும்.